பிந்தி வந்த படம்

எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குச்சி சொருகியிருக்கிறது. கட்டை விரல் அளவுதான் இருக்கும். அதை வைத்து நாங்கள் சினிமா பார்ப்பதில்லை. பாட்டும் கேட்பதில்லை. ஒரே ஒரு தடவைதான் அதில் பார்த்தோம். கழற்றப் போனால் என் மனைவி வேண்டாம் என்பாள். அதனால் அங்கேயே இருக்கிறது.

கொரோனாவில் சிங்கப்பூர் பாலம் மூடியிருந்த காலம். மலேசியப் பக்கம், ஜொகூரிலிருந்து வேலைக்குப் போனவர்கள் அந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். என் மகனும் தங்கினான். கிடங்கில் வேலை. கூட்டாளி ஒருவனோடு ஒரே அறை. ஒருநாள் காலையில் என் மகன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். எங்களுக்கு அவன் ஒரே பிள்ளை. கல்யாணம் ஆகவில்லை.

அந்தக் கூட்டாளிதான் போன் செய்தான். ஜொகூரிலேயே பெக்கான் நானாஸ் ஊர்க்காரன். பாலம் திறந்திருந்த நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறான். என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவான்.

"ப்பா, உக்காந்திருக்கிங்களா?"

நான் நின்றுகொண்டிருந்தேன். "சொல்லு" என்றேன். சொன்னான்.

எங்கள் பிளாட் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறது. மேல் மாடி நடையில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கட்டடங்கள் தெரியும். விளக்குகூடத் தெரியும். ஆனால் போக முடியாது. போனால் முதலில் ஓர் அறையில் அடைத்து வைப்பார்கள். வெளியே விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

உடம்பை இங்கே கொண்டு வரலாம் என்றார்கள். நாளாகும். பெட்டி மூடித்தான் வரும், திறக்கக் கூடாது. அங்கேயே எரித்தால் முகத்தைத் திறந்து வைப்பார்கள். காமிரா வைத்துப் படம் அனுப்புவார்கள், போனில் பார்க்கலாம்.

இரண்டையும் மனைவியிடம் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இங்க வந்தா மூஞ்சியப் பாக்க முடியாதா?"

"முடியாது."

"அப்ப அங்கியே செய்யட்டும். நான் மூஞ்சியப் பாக்கணும். வாய்க்கரிசி போடணும்."

"இங்கிருந்து எப்படிப் போடுவ?"

"போடுவேன்."

இன்னொரு கஷ்டம் இருந்தது. அவளுக்குச் சர்க்கரை வியாதி. கண் பாதி போய்விட்டது. போனில் காட்டினால் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. டிவி என்றால் கிட்டப் போய் நின்று பார்ப்பாள். எங்கள் டிவி பழசு. இன்டர்நெட் எல்லாம் அதில் வராது.

மறுநாள் மத்தியானம் சடங்கு. அதற்குள் போனில் வருவதை டிவியில் வர வைக்க வேண்டும். நான் லோரி ஓட்டினவன். துறைமுகத்துக்குச் சாமான் ஏற்றினவன். இதெல்லாம் எனக்குத் தெரியாது. டிவியின் பின்பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். எந்தக் கடை திறந்திருக்கும் என்று தெரியாமல் சுற்றினேன். ஒரு போன் கடை பாதிக் கதவு திறந்திருந்தது. கடைக்காரன் தமிழன். என் மகன் வயசுதான் இருக்கும். காதில் கடுக்கன், மூக்குக்குக் கீழே இறங்கிய முகக்கவசம்.

"டிவியில மாட்டுற பாக்ஸ் வேணும்" என்றேன். "மலிவா."

"வாங்க அங்கிள். வீட்டுலயே உக்காந்து போரடிச்சிருச்சா? இல்ல ஆன்ட்டிக்கு சீரியலா?"

அவன் மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தான். பெயர் இல்லாத ஒரு கறுப்புப் பெட்டி. கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று. பிறகு அந்தக் குச்சி.

கறுப்புப் பெட்டியைத் தட்டிக் காட்டினான். "இதான் இப்ப ஓடுது. மாசக் காசு கெடையாது. தமிழு, மலாயி, சைனா எல்லாம் வரும். புதுப் படம் வந்தா அன்னிக்கி ராத்திரியே உங்க வீட்டுல. பக்கத்து வீட்டுக்காரன் செவுத்துல காது வச்சிக் கேப்பான் லா."

"நடுவுல நிக்குமா?"

"ஓசிப் படம் அங்கிள். அப்பப்ப சுத்தும். நீங்க போயி ஒரு தே ஆத்திக் குடிச்சிட்டு வாங்க, அதுவா வந்துரும்."

"நிக்கக் கூடாது."

அவன் என்னைப் பார்த்தான். "நிக்காம வேணும்னா காசு கூட அங்கிள். மலிவாவும் வேணும், நிக்கவும் கூடாதுன்னா எப்படி. என்னாதான் பாக்கப் போறிங்க?"

"போன்ல ஒரு லிங்க் வரும். அது டிவியில வரணும். லைவ். நாளைக்கி மத்தியானம்."

"நாளைக்கா? என்னா மேட்ச் அங்கிள்? பந்து வெளையாட்டுலாம் நிறுத்தி வச்சிட்டானுங்களே."

"மேட்ச் இல்ல. சாவு."

அவன் கை பெட்டிமேல் நின்றது.

"யாரு அங்கிள்?"

"மகன். அந்தப் பக்கம்."

அவன் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். கறுப்புப் பெட்டியை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தான்.

"அது வேணாம்" என்றான். "நடுவுல வெளம்பரம் போடுவானுங்க. சூதாட்ட வெளம்பரம்லாம் வரும்."

டிவியின் பின்பக்கப் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தான். இந்த ஓட்டை போதும் என்றான். வீட்டில் இன்டர்நெட் லைன் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை, போன்தான் என்றேன். அப்படியானால் பெரிய பெட்டி வேண்டாம், அது லைன் இழுத்த வீட்டுக்குத்தான் நல்லது, அந்தக் காசு வீண் என்றான். குச்சியை எடுத்தான். என் போனை வாங்கி அங்கேயே இரண்டையும் சேர்த்து வைத்தான். வீட்டில் போய்ச் சொருகினால் போதும் என்றான்.

"டாப்-அப் போட்டுக்கிங்க அங்கிள். டேட்டா முடிஞ்சா படமும் முடிஞ்சிரும். அப்பறம் அந்தப் போன்ல வேற கால் பேசாதிங்க."

"வேற போன் இருக்கு. பட்டன் போன்."

"நல்லது."

கிளம்பும்போது அவன் கூப்பிட்டான். சுவரில் இருந்த டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அது ஏரியலில் வருவது. பக்கத்து டிவியில் குச்சியைச் சொருகி அதே செய்தியை வரவைத்தான். சுவர் டிவியில் செய்தி வாசிக்கிறவர் பேசி முடித்துத் தாளைத் திருப்பிவிட்டார். பக்கத்து டிவியில் அவரே இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்துத்தான் தாளைத் திருப்பினார்.

"லைவ்னு சொன்னாலும் இப்படித்தான். பிந்தி வரும். எத வாங்கினாலும் பிந்தித்தான் வரும். தெரிஞ்சிக்கிங்க."

"சரி" என்றேன்.

அவன் சொன்ன விலையைக் கொடுத்தேன். முழுசாக வாங்கிக்கொண்டான். அதுதான் சரி. குறைத்திருந்தால் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

வீட்டில் சொருகினேன். ஒரு தடவையில் வரவில்லை. எடுத்து மறுபடி சொருகினேன், வந்தது. செய்தியைப் போட்டேன். மனைவி எழுந்து வந்து டிவி கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்றாள். செய்தி வாசித்தவள் ஒரு பொம்பளை. அந்த முகத்தையே மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டு வச்சிருக்காளா?" என்றாள்.

"வச்சிருக்கா."

"செவப்பா?"

"ஆமா."

"அப்ப தெரியும்" என்று சொல்லிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பிந்தி வரும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் குளித்து, ஈரத் தலையோடு உட்கார்ந்தாள். ஒரு தட்டில் பச்சரிசி. டிவிக்கு முன்னால் இருந்த மேசையை நான் நகர்த்தி வைத்தேன். அக்கம்பக்கத்தில் யாரும் வரவில்லை. வரவும் கூடாது. நாங்கள் இரண்டு பேர்தான்.

படம் வந்தது. ஒரு கூடம், வெள்ளை விளக்கு. முகக்கவசம் போட்ட நாலைந்து பேர். நடுவில் பெட்டி. காமிரா தூரத்தில் இருந்தது. கூட்டாளி பட்டன் போனில் கூப்பிட்டான். மனைவிக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"அம்மா, தெரியுதா?"

"பெட்டி தெரியுது. மூஞ்சி தெரியல. கிட்ட கொண்டாய்யா."

"இருங்கம்மா." போனில் அவன் நடக்கிற சத்தம் கேட்டது. "கொண்டாந்துட்டேன்மா. இப்ப பாருங்க."

டிவியில் பெட்டி தூரத்திலேயே இருந்தது.

"கொண்டாந்துட்டேன்றான், வரலியே" என்றாள் என்னைப் பார்த்து.

"வரும்" என்றேன்.

பிறகுதான் படம் ஆடியது. கூட்டாளியின் கை தெரிந்தது. பெட்டி கிட்டே வந்தது. என் மகன் முகம் டிவி நடுவில் பெரிதாக வந்து நின்றது. மூக்கில் பஞ்சு. நெற்றியில் திருநீறு. தாடி விட்டிருந்தான். அவன் தாடி விட்டு நாங்கள் பார்த்ததில்லை.

அவள் எழுந்து போய்க் கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். எனக்கு அவள் தோளுக்கு மேல்தான் படம் தெரிந்தது.

"எளச்சிட்டான்" என்றாள். "தாடிய எடுத்து விட்டிருக்கலாம்."

"முடிவெட்டுக் கட எல்லாம் மூடியிருந்துச்சும்மா" என்றான் கூட்டாளி போனில்.

அப்படியே நேரம் போனது. சடங்கு செய்கிறவர் வேகமாக மந்திரம் சொன்னார். பின்னால் அடுத்த பெட்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். எனக்குப் போனிலும் டிவியிலும் ஒரே மந்திரம் முன்னும் பின்னுமாகக் கேட்டது. அவளுக்கு அது காதில் விழவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இப்ப போடுங்க. மூடப் போறாங்க."

டிவியில் இன்னும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்குள்ள என்னா" என்றாள். "தண்ணி தெளிச்சி முடிக்கலியே."

"அம்மா, போட்டாச்சா? இவங்க அவசரப்படுறாங்க."

"இருக்கச் சொல்லுய்யா. நான் பாக்குறேன்ல."

கையில் அரிசியை அள்ளிக்கொண்டாள். போடவில்லை. போனில் யாரோ அவனை அதட்டுவது கேட்டது. பிறகு பலகைமேல் பலகை உட்காரும் சத்தம். லோரியில் பெட்டி ஏற்றியவன் நான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"அம்மா, மூடி..."

போனை அமுக்கி அணைத்தேன்.

"என்னா சொன்னான்?"

"லைன் போச்சு."

"போனா போவட்டும். படம் இருக்குல்ல."

டிவியில் அவன் முகம் திறந்தே இருந்தது. தண்ணீர் தெளித்தவர் செம்பைக் கீழே வைத்தார். பட்டன் போன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. கையால் பொத்திக்கொண்டேன். டிவியில் கூட்டாளி போனைக் காதில் வைத்துக் காமிராப் பக்கம் திரும்பினான். "அம்மா, இப்ப போடுங்க. மூடப் போறாங்க" என்றான்.

"இந்தா இப்பதான் சொல்றான்" என்றாள்.

அவள் தட்டில் போடவில்லை. கண்ணாடியில், அவன் வாய் இருந்த இடத்தில் கையை வைத்தாள். அரிசி அவள் விரலுக்கு நடுவில் இறங்கி டிவியின் கீழ்ச் சட்டத்தில் விழுந்தது. மூன்று தடவை போட்டாள். "வாங்கிக்கய்யா" என்றாள். அவள் கையை எடுத்த பிறகும் அவன் முகம் இருந்தது. பிறகுதான் மூடி வந்தது.

"முடிஞ்சிச்சா?" என்றாள்.

"முடிஞ்சிச்சு."

அன்று இரவு கூட்டாளியை நானே கூப்பிட்டேன். எல்லாம் நல்லாத் தெரிஞ்சிச்சு என்றேன். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. சாம்பலை அந்தப் பக்கத்துக் கடலிலேயே விட்டார்கள்.

பாலம் திறந்த பிறகு கூட்டாளி வந்தான். மகனின் பையைக் கொண்டு வந்தான். சட்டை, நீளச் சிலுவார், ஒரு ஜோடி சப்பாத்து. மனைவி சமைத்திருந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். வருவதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு நின்றாள். சோற்றைப் பார்க்கவில்லை, அவன் குரல் வருகிற பக்கம் பார்த்தாள்.

"அன்னிக்கி லைன் போச்சில்ல. அதுக்கப்பறம்தான் நான் அரிசி போட்டேன். நான் போட்டப்பறம்தானேய்யா மூடினிங்க?"

அவன் கை தட்டிலேயே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் தள்ளினேன்.

"ஆமாம்மா" என்றான். "நீங்க போட்டப்பறம்தான் மூடினோம்."

"நான் அவருகிட்ட சொன்னேன். அவரு வாயே தொறக்க மாட்டாரு. நீ சாப்புடு."

லிப்ட் வரைக்கும் கூடப் போனேன். லிப்ட் வர நேரமானது. அவன் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ப்பா. அன்னிக்கி லைன் போவல, இல்ல?"

"போவல."

"நீங்க கட் பண்றப்பவே மூடிட்டாங்கப்பா. நான் நிறுத்தச் சொன்னேன். கேக்கல."

"தெரியும்."

லிப்ட் வந்தது. என் கையைப் பிடித்துவிட்டு உள்ளே போனான்.

நான் வீட்டுக்குத் திரும்பினேன். டிவி அணைந்திருந்தது. அவள் அதன் முன்னால் நின்று ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழ்ச் சட்டத்தைத் துடைக்கவில்லை. அங்கே அவள் துணி போவதேயில்லை.

"சொன்னான், கேட்டிங்களா?" என்றாள்.

"கேட்டேன்" என்றேன்.