எதிரணிப் பக்கம் உட்கார்ந்த கண்டக்டர் ரத்தினம்

அம்மா மண்டபம் சாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ் ஒன்று, ஸ்டாப் இல்லாத இடத்தில் நின்றது. கண்டக்டர் படியிலிருந்து குனிந்து, "பெரியவரே, நம்ம ரத்தினம் ஐயா காலையில தவறிட்டாருங்க. சாயங்காலம் எடுக்கிறாங்களாம்" என்றார். உடனே விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். முதலில் வந்தது சிரிப்புதான். ரத்தினம் அண்ணன் சாவுச் செய்தியைக்கூட வண்டியை நிறுத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது! டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான் எழுதப் படிக்கக் கற்று அதிக காலம் ஆகவில்லை. மாலை வகுப்பில் கிழவர்களோடு கிழவனாக உட்கார்ந்து கற்றது. நாலு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அந்த ஆற்றங்கரை மைதானத்தைச் சுற்றி மணலில் அண்ணனோடு உட்கார்ந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். நான் ஒன்றை மறந்து எழுதினால் திருத்துங்கள். கூட்டி எழுதினால் விட்டுவிடுங்கள்.

அப்போது ஸ்ரீரங்கம் ராயகோபுரம் கட்டி முடியாமல் மொட்டையாக நின்ற காலம். காவிரிப் பாலம் தாண்டி, தென்னந்தோப்பை ஒட்டி எங்கள் கிளப்பின் பூப்பந்து மைதானம் இருந்தது. மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய சின்னப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை. இருபத்தொன்பது புள்ளி எடுத்தால் ஓர் ஆட்டம். மூன்றில் இரண்டு ஆட்டம் எடுப்பவர்கள் ஜெயித்தவர்கள். விடியற்காலையில் தரைக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சாயங்காலம் சுண்ணாம்பில் கோடு போட்டு, வலை கட்டுவது என் வேலை. பந்து எடை குறைவு. ஆற்றுக் காற்று கொஞ்சம் வீசினாலும் அது தன் இஷ்டத்துக்குப் போகும். அந்தக் காற்றுக்குப் பயந்து வெளியூர் அணிகள் எங்கள் மைதானத்துக்கு வரவே யோசிப்பார்கள். எங்களுக்கும் அந்தக் காற்று உதவியதில்லை என்பது வேறு விஷயம்.

ரத்தினம் அண்ணன் டவுன் பஸ் கண்டக்டர். மைதானம் சாலையோரம் இருந்ததால் போட்டி நாளில் அவர் வண்டி அங்கே நின்றுவிடும். ஒருநாள் பஸ் நிறையக் கூட்டம். உள்ளே இருந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் கத்தினார்: "யோவ் கண்டக்டர், இங்க ஸ்டாப்பே இல்லையே, எதுக்கு நிறுத்தினே?"

"எஞ்சின் சூடாயிருச்சுங்க."

டிரைவர் மஸ்தான் பாய் திரும்பியே பார்க்காமல் சொன்னார்: "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. சூடானது தம்பிதான்."

குமாஸ்தா கோபமாக இறங்கி வந்தார். அண்ணனைத் திட்ட வாயைத் திறந்தபோது எங்கள் முன்வரிசை ஆள் ஒரு பந்தைத் தரையோடு தரையாக எடுத்தார். குமாஸ்தாவின் வாய் திறந்தபடியே இருந்தது. ஆட்டம் முடியும் வரை மூடவில்லை. அன்றைக்குக் கடைசியாக பஸ்ஸில் ஏறியவர் அவர்தான்.

அண்ணன் ஆட்டம் பார்க்கிற விதமே தனி. உட்கார மாட்டார். பஸ்ஸில் நிற்பது போல ஒரு காலைச் சாய்த்து, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பந்து நன்றாகப் போனால் "ரைட்! ரைட்! போலாம்!" என்பார். வெளியே போகிற பந்தைக் கண்டால் "ஹோல்டான்!" என்று கத்துவார். எங்கள் ஆட்கள் மட்டையை இறக்கிவிடுவார்கள். அந்தப் பந்து வெளியேதான் விழும். ஒருநாள் ஆவேசத்தில் விசிலையே ஊதிவிட்டார். அம்பயர் ஊதியதாக நினைத்து இரண்டு அணியும் இடம் மாறி நின்றுவிட்டன. அன்றிலிருந்து அம்பயர் ஆட்டம் தொடங்குமுன் அண்ணனிடம் வந்து கையை நீட்டுவார். அண்ணன் விசிலைக் கழற்றிக் கொடுப்பார், போலீஸிடம் அரிவாளை ஒப்படைப்பது போல.

"பேப்பர்ல ஸ்கோரைப் படிக்கிறது, கல்யாணத்துக்குப் போகாம மொய் நோட்டைப் படிக்கிற மாதிரி" என்று சொல்வார். எனக்கு அப்போது ஓர் எழுத்தும் தெரியாது. அதற்கும் ஒன்று வைத்திருந்தார்: "உனக்கென்ன பிச்ச, நீ நேரா பந்தியிலயே உக்காந்திருக்கே."

இப்படிப்பட்ட மனிதருக்கு ராசி இல்லை என்ற பேச்சு எப்படிக் கிளம்பியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அவர் வந்த பெரிய போட்டிகளிலெல்லாம் நாங்கள் தோற்றோம். அவருக்கு டூட்டி மாறி வராமல் போன ஒரு போட்டியில் ஜெயித்தோம். அது போதாதா? மைதானத்தைச் சுற்றி முணுமுணுப்பு வந்தது. "கண்டக்டர் வந்துட்டாரு, கிளம்புங்கடா வீட்டுக்கு" என்று அவர் காதுபடவே சொன்னார்கள்.

எங்கள் கேப்டன் ராகவன் சார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் ஒருநாள் அண்ணனைத் தென்னை மரத்தடிக்குக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"ரத்தினம், தப்பா நினைச்சுக்காதீங்கோ. நான் கணக்கு வாத்தியார். இந்த ராசி, சகுனம் இதுல எல்லாம் எனக்கு நம்பிக்கையே கிடையாது."

"எனக்கும் இல்லைங்க சார்."

"ரொம்ப சந்தோஷம். ஆனா இனிமே நீங்க மேட்சுக்கு வராதீங்கோ."

அண்ணன் விசில் கயிற்றைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு போட்டி நாளில் பஸ் மைதானத்தைத் தாண்டும்போது அவர் எதிர்ப்பக்கம் திரும்பி, ஆற்றைப் பார்த்தபடி டிக்கெட் கிழிப்பார். மஸ்தான் பாய் மட்டும் பழக்கத்தில் பிரேக்கை மிதித்துவிடுவார். "யாரு ஜெயிச்சா?" என்று அண்ணன் ஆற்றிடம் கேட்பார். நான் சாலையோரம் நின்று, "நாமதான்" என்பேன். அந்த முகம் மலர்ந்ததையும், உடனே வாடியதையும் நான் பலமுறை பார்த்தேன். அவர் வராததால்தான் ஜெயித்தோம் என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார்.

அந்த வருடம் கோப்பைக்கான கடைசிப் போட்டிக்கு வந்தது மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் ஆட்களின் அணி. மூட்டை தூக்குகிற கைகள். அவர்கள் அடித்தால் பந்தின் நூல் பிரிந்துவிடும் என்று பேச்சு. போட்டிக்கு முந்தின நாள் காலையில் நான் தரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து நின்றார். சவரம் செய்யவில்லை.

"பிச்ச, நாளைக்கு வராம என்னால இருக்க முடியாது. வந்தா தோத்துருவோம். என்னதான் பண்றது, சொல்லு."

"தென்னமரத்துல ஏறிக்கிட்டா?"

"யோசிச்சேன். மரம் மைதானத்தை ஒட்டியே இருக்கு. நான் வந்த கணக்குல சேர்ந்துரும்."

"பாலத்துக்கு அந்தண்ட நின்னா?"

"அங்கேருந்து என்னத்தைத் தெரியும்? நீ போடுற சுண்ணாம்புகூடத் தெரியாது." சொல்லிவிட்டு ஈரத்தரை என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டார். நல்ல வளர்ந்த மனிதர், மீசை வைத்தவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வழி சொன்னவர் மஸ்தான் பாய். சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹாரனை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். "அட அல்லாவே, இதுக்கா அழுவுறே? ராசி இல்லாத ஆளுதானே நீ? போய் எதிர் பார்ட்டியோட உக்காரு. அவனுங்க தோக்கட்டும்."

மூன்று பேரும் பஸ்ஸிலேயே ராகவன் சார் வீட்டுக்குப் போனோம். பஸ்ஸில் இருந்தவர்களும் வந்தார்கள், வேறு வழியில்லாமல். சார் வெகுநேரம் யோசித்தார். கரும்பலகை இருந்தால் எழுதிப் பார்த்திருப்பார்.

"கணக்குப்படி சரிதான். ஆனா ஒண்ணு. உடம்பு அங்க, மனசு இங்கன்னு இருக்கப்படாது. மனசார அவா ஆளா இருக்கணும். இல்லேன்னா பலிக்காது."

"மனசார இருக்கேன் சார்" என்று அண்ணன் அவர் காலைத் தொடப் போனார்.

போட்டியன்று மண்ணச்சநல்லூர்க்காரர்கள் மில் லாரியில் வந்து இறங்கினார்கள். தலையிலும் புருவத்திலும் தவிடு. அண்ணன் சலவைச் சட்டையோடு போய் அவர்கள் நடுவில் நின்றார். அவர்கள் அணியில் பெரியசாமி என்று ஒருவர், பின்வரிசை ஆட்டக்காரர், ஆள் நெல் மூட்டையைப் போலவே இருப்பார். அவர் கேட்டார்: "நீங்க இந்த ஊரு கண்டக்டர்தானே? இங்க என்ன பண்றீங்க?"

"இன்னிக்கு நான் உங்க ஆளு."

"ஏங்க, உங்க ஊர்ல சண்டையா?"

"சண்டை இல்லீங்க. பொரிகடலை வச்சிருக்கீங்களா?"

கொடுத்தார்கள். தின்றார். ஆட்டம் தொடங்கியதும் மேலே கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தார். "ரைட்! ரைட்! போலாம் பெரியசாமி!" அந்த மில்காரர்களுக்காக அதுவரை யாரும் இப்படிக் கத்தியதில்லை. அசந்துபோனார்கள். முதல் ஆட்டம் எங்களுக்கு. எங்கள் பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டார்கள். ராகவன் சார்கூட என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

இரண்டாவது ஆட்டத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. பெரியசாமி குப்புற விழுந்து ஒரு பந்தை எடுத்தார். அண்ணன் குதித்தார். அது நடிக்கிற குதிப்பு இல்லை. கோடு போட்டுப் போட்டு அண்ணனைப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியும். பல மாதம் பட்டினி கிடந்தவர் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். யார் வீட்டுப் பந்தி என்று அவருக்கு நினைவில்லை. அந்த ஆட்டம் மண்ணச்சநல்லூருக்கு.

மூன்றாவதில் இரண்டு பக்கமும் இருபத்தெட்டு. சர்வீஸ் அவர்கள் கையில். ராகவன் சார் அந்தப் பந்தை எடுத்து, உயரமாக, பின்மூலைக்குத் தூக்கி அடித்தார். அழகான அடி. அப்போது ஆற்றிலிருந்து காற்று வந்தது. பந்து மிதந்தது. பெரியசாமி பின்னால் ஓடி, தலைக்கு மேல் மட்டையை ஓங்கினார்.

"ஹோல்டான்!"

பெரியசாமி அப்படியே நின்றார். ஓங்கிய மட்டை ஓங்கியபடி. பந்து அவர் தோளை ஒட்டி இறங்கி, என் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே விழுந்தது.

கோப்பை மண்ணச்சநல்லூர் போனது. அண்ணனும் போனார். லாரியில் தூக்கி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாலத்தைத் தாண்டும்வரை "ரைட்! ரைட்!" என்று கேட்டது. எங்கள் ஆட்கள் அவரைத் திட்டிய வார்த்தைகளை எழுத எனக்கு இன்னும் பாடம் நடத்தவில்லை.

மறுநாள் காலையில் கிழிந்த வலையைத் தைக்கக் கொடுப்பதற்காக நான் அதே பஸ்ஸில் ஏறினேன். ராகவன் சார் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். அண்ணன் எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு, கடைசியாகத்தான் அவரிடம் வந்தார். மஸ்தான் பாய் வேகத்தைக் குறைத்தார்.

"ஏன் ரத்தினம் இப்படிப் பண்ணினேள்?"

"நீங்கதான சார் சொன்னீங்க. மனசாரன்னு."

சார் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "பந்து அவுட்தானா?"

"அவுட் சார். ஒரு விரக்கடை, விரல் அகலம்தான் வெளிய."

"அப்போ நான் அடிச்சதுதான் தப்பு." பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "இவர் அங்க இருந்தும் அவா ஜெயிச்சுட்டா. அப்போ இத்தனை நாள் தோத்ததுக்கு நாமதான் காரணம்னு ஆறது" என்றார். கணக்கு வாத்தியாருக்கு விடை கிடைத்த முகம் அது. அவ்வளவு சந்தோஷமான முகம் இல்லை.

"அடுத்த மேட்சுக்கு வரலாமா சார்?" அண்ணன் டிக்கெட் கட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். பஸ் முழுவதும் காத்திருந்தது.

சார் தம் ஸ்டாப்பில் இறங்கி, கீழே நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "வாங்கோ. எந்தப் பக்கம் வேணா உக்காருங்கோ."

அண்ணன் வந்தார். அதன்பின் எத்தனையோ வருடம் எல்லாப் போட்டிக்கும் வந்தார். ஆனால் எப்போதும் வெளியூர்க்காரர்கள் பக்கம்தான் உட்கார்ந்தார். "நம்ம ஆளுங்களுக்குக் கத்த ஊரே இருக்கு. அவனுங்க பாவம், பஸ்ஸு மாறி வந்திருக்கானுங்க" என்பார். ஒருமுறைகூட அவர் முகவாட்டத்தோடு வீட்டுக்குப் போனதில்லை. வந்தவர்கள் ஜெயித்தால் அவர் ஜெயித்தார். தோற்றால், ஜெயித்தது சொந்த ஊர். இதைப் புரிந்துகொள்ள எனக்குத்தான் வெகுகாலம் ஆனது.

அதைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவரை எடுத்த மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குப் போட்டி. வையம்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள், கூட வந்தது ஒரே ஒரு டீச்சர். துக்க வீட்டுக்குப் போய்வந்த வேட்டியோடு அவர்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். "தாத்தா, நீங்க எந்த ஊரு?" என்று ஒரு பெண் கேட்டாள். "இன்னிக்கு வையம்பட்டி" என்றேன். நன்றாக ஆடினார்கள். நன்றாகத் தோற்றார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்காகக் கூடுகிறோம். என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு வையம்பட்டிப் பிள்ளைகளுக்காகக் கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, இன்னும் திறக்கவில்லை. ஆகையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குரல் இருக்கிறவர்கள் யாராவது உரக்கப் படியுங்கள்.