பதுளை டவுன் முகவரி

இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, என் வீட்டுக் கதவிலிருக்கும் தபால் துளை. காலையில் என் பெயர் போட்ட கடிதம் 'தொப்' என்று உள்ளே விழும். ஊரிலிருந்து படிக்கிறவர்கள் சிரிக்கலாம். மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளுக்கென்று தனி முகவரி கிடையாது. தபால் முழுவதும் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். அவர் மறந்தால் போச்சு. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த பிள்ளைகள் எங்களில் உண்டு.

யோகேஸ்வரி அதே தோட்டத்துப் பிள்ளை; நான் பிறந்த லயத்துக்கு அடுத்த லயம். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அவள் பல்கலைக்கழகம் போனபோது இங்குள்ள நண்பர்கள் சிலர் சேர்ந்து போர்டிங், சாப்பாடு, புத்தகம் என்று பார்த்துக்கொண்டோம். பட்டம் வாங்கினால் போதுமா, வேலை கிடைக்க வேண்டாமா? ஞாயிறுதோறும் வீடியோவில் அவளை நேர்முகப் பரீட்சைக்குப் பழக்கினேன். பெரிய மேதாவி மாதிரி, விண்ணப்பத்தில் தோட்டத்துப் பெயரே வேண்டாம், பதுளை பஜாரில் என் நண்பனின் துணிக்கடை முகவரியைப் போடு என்றேன். தபால் ஒழுங்காக வரும் என்று காரணமும் சொன்னேன். அது பாதி உண்மை. லயம் என்று தெரிந்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்களே என்ற என் பயம்தான் மீதி. இங்கே யார் கேட்டாலும் நானே "பதுளை டவுன்" என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

கடைக்கு அழைப்பு வந்தது. தோட்டத்துக் குடும்பங்களோடு பழகிச் செய்யும் களப்பணி அதிகாரி வேலை. போய்வந்த அன்று மாலை போன் பண்ணினாள்.

"கடைக்காரர் மகளான்னு கேட்டாங்கண்ணே. டவுன் புள்ளைக்கு லயத்து வேலை சரிவராதுன்னு பைலை மூடப் போனாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ என்னம்மா சொன்ன?"

"நானே லயத்துப் புள்ளதான், அம்மா இன்னைக்கும் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறாங்கன்னேன். அப்ப பொய் அட்ரஸ் எதுக்குன்னாங்க. தபால் ஒழுங்கா வராதுங்க, நான்தான் போட்டேன்னு சொல்லிட்டேன்."

என்னை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. படிக்க வைத்தவன் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவனுக்கு அவள் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது.

வேலை கிடைத்தது. நியமனக் கடிதத்தைத் தோட்டத்துக்கே அனுப்பச் சொன்னாளாம். பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட, கூடையோடு போய் வாங்கியது அவள் அம்மா.

போன வாரம் தன் பட்டமளிப்புப் படத்தை எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். அது தவறிப் பக்கத்து வீட்டில் விழ, அந்த வீட்டு மார்கரெட் கொண்டுவந்தார். உறையின் பின்பக்கம் தோட்டத்துப் பெயர், கீழ்ப் பிரிவு, மடுல்சீமை.

"வீட்டு இலக்கத்தையே காணோமே! இதுதான் உங்கள் ஊரா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"இல்லை, எங்கள் ஊருக்குப் பக்கம்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பெரட்டில் என் பெயரைக் கூப்பிட, ஆள் இல்லை என்று நானே குரல் கொடுத்தது போல் இருந்தது.