கரையில் நட்ட சவுக்கு

ஒவ்வொரு டிசம்பரிலும் ராயபுரத்தில் துரைமார்களின் கிளப்பு மைதானத்தில் பெரிய கிறிஸ்துமஸ் மரம் வைப்பார்கள். ஊரே பார்க்கத்தான் வைக்கிறோம் என்பார்கள். ஆனால் நாங்கள் கம்பி வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

என் மகள் நடக்கத் தொடங்கிய வருஷம் அவளைத் தூக்கிக்கொண்டு நானும் நாத்தனாரும் போனோம். நாத்தனார் கடற்கரையில் மீன் விற்பவள். மரத்தில் தொங்கிய கண்ணாடிக் குண்டைப் பார்த்துப் பிள்ளை வேலிக்குள் கையை நீட்டினாள். காவல்காரன் பிரம்பால் கம்பியில் ஓங்கி அடித்தான்.

"கவுச்சி அடிக்குது. தள்ளி நில்லு."

பிள்ளை அழவில்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது.

திரும்பும் வழியில் நாத்தனார் சொன்னாள்: "நம்ம சாமி பொறந்ததை அவன் வேலிக்கு வெளிய நின்னுகினு இன்னாத்துக்கு அண்ணி பார்க்கணும்? நம்ம கரையில நாமளே மரம் நடுவோம்."

என் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். மீனவக் கூட்டாளிகளோடு படகில் எண்ணூர் போனார். அங்கே நாத்தனாரிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் தோப்புக்காரர், எங்கள் மதம்கூட இல்லை, நல்ல உயரமான சவுக்கு ஒன்றை வெட்டிக்கொள்ளச் சொன்னார். படகின் பின்னால் கட்டிக் கடல் வழியாகவே இழுத்து வந்தார்கள்.

மணலில் ஆழக் குழி தோண்டி நிறுத்தினோம். சங்கும் சோழியும் வண்ணக் காகிதமும் கட்டினோம். பக்கத்துத் தெரு இந்துப் பெண்கள் கனகாம்பரச் சரம் கொண்டுவந்து சுற்றினார்கள். பொழுது சாய, அரிக்கேன் விளக்குகளை ஏற்றினோம். கூட்டத்தைப் பார்த்துப் போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"யார் உத்தரவுல வெச்சீங்க?"

"ஏசு பொறக்க யாராண்ட உத்தரவு வாங்கினாங்கோ?" என்றாள் நாத்தனார்.

அவர் அங்கே நின்ற கூலியாட்களிடம் மரத்தைப் பிடுங்கச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. "நீயே புடுங்கிக்கோ நைனா" என்றார் ஒருவர். அதற்குள் பெண்கள் நாங்கள் மரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். போலீஸ்காரர் அதட்டியும் எழுந்திருக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் குதிரையில் வெள்ளைக்கார சார்ஜண்ட் வந்தார். முந்தின நாளைவிடக் கூட்டம் அதிகம். மரத்தை ஒருமுறை சுற்றி வந்தவர், குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கான பலன் வேறு வழியில் வந்தது. துறைமுகத்தில் மேஸ்திரி என் புருஷனை வேலைக்குச் சேர்க்கவில்லை. "மொதல்ல மரத்தைப் புடுங்கிப் போட்டுட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்றானாம். இவர் கூட்டாளிகளோடு மீன் பிடிக்கப் போனார்.

சவுக்கு காய்ந்து பழுப்பேறியது. நாங்கள் தொடவில்லை. ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளும் முடிந்து, எங்களுக்கே தோன்றிய ஒரு நாளில்தான் அதைச் சாய்த்தோம்.