அரியநாயகத்தாரின் நாலு பங்கு லாப்டொப்

நெடுந்தீவில் அரியநாயகத்தார் எழுதாத காணி உறுதி குறைவு. முப்பத்தொரு வருசம் பத்திரம் முடிக்கும் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் எழுத்தராக இருந்து, வடக்கே இன்னார் காணி, கிழக்கே ஒழுங்கை, மேற்கே கடல் என்று எல்லை எழுதியவர். எழுதி எழுதி, கடைசியில் உலகத்தில் எதைக் கண்டாலும் அதன் நாலு எல்லையும் பங்காளிகளும்தான் அவருக்கு முதலில் தெரியும். மீன்பொரியலைக்கூட அளந்துதான் பிரிப்பார். ஒரு துண்டு சிறுத்துப்போனால் அந்தப் பக்கம் சொதி கூடவிட்டு ஈடுசெய்வார். நேர்மையான மனிதர். ஊர் அவரை மதித்தது, கொஞ்சம் தள்ளி நின்று.

இப்பேர்ப்பட்டவரின் வீட்டுக்கு நாலு வருசத்துக்கு முதல் கனடாவிலிருந்து ஒரு லாப்டொப் வந்தது. மூத்தவர் தம்பிராசா பழைய ஜக்கெற்றுகளுக்கு நடுவில் வைத்து அனுப்பியது. ஒரு கொப்பி அளவு. "எல்லாருக்கும் பொதுவா வைச்சுப் பாவியுங்கோ" என்று துண்டும் வைத்திருந்தார். எல்லாரும் என்றால், அரியநாயகத்தாரின் கணக்கில், சகோதரங்கள் நாலு பேர்: கனடாவில் தம்பிராசா, நெடுந்தீவில் தான், லண்டனில் இரஞ்சிதம், நோர்வேயில் கடைக்குட்டி தயாபரன்.

அது நாலு வருசமும் அலுமாரிக்குள் இருந்தது. பிறகுதான் அவருடைய மனைவி சரோஜினிதேவிக்கு அது தேவைப்பட்டது. அவர் முன்பள்ளி ரீச்சர். பதினாறு வருசமாகத் தற்காலிகம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இணையத்தில் ஒரு பரீட்சை, சித்தியடைந்தால் நிரந்தரம். கைபேசியில் எழுத ஏலாது, கமெரா உள்ள கணினி வேணும். தவறினால் அடுத்த பரீட்சை எந்த வருசமென்று சொல்ல ஆளில்லை.

லாப்டொப்போ, திறந்தால் உயிர்வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. வந்ததும் இடமில்லை என்று அழுதது. தீவுப் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கும் ஜசிந்தா ரீச்சர் வெள்ளிக்கிழமை ஒரு பென்றைவோடு வந்தார்.

"அக்கா, பழசெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு இந்த லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுங்கோ. பறக்கும். ஆரும் பாவிக்கலாம், ஆரும் திருத்தலாம்."

"உரிமையாளர் ஆர்?" என்றார் அரியநாயகத்தார்.

"எல்லாரும்தான் அண்ணை."

"அப்ப பின்னுக்கு வழக்கு வரும்."

சனிக்கிழமை காலை அவரே உட்கார்ந்தார். பத்திரமான காரியம், பெண்சாதியிடம் விடலாமா? பென்றைவைச் செருகியதும் திரை அழகான தமிழில் கேட்டது: வட்டு முழுவதையும் அழித்து நிறுவவா, அல்லது நீங்களே பிரிக்கிறீர்களா?

"இஞ்சருங்கோ, அழிக்கச் சொல்லிக் குடுங்கோ" என்றார் சரோஜினிதேவி.

"நீர் சும்மா இரும். மூண்டு பங்காளியளைக் கேளாமல் அழிக்கிறதுக்குப் பேர் அத்துமீறல்."

"உள்ள கிடக்கிறது பெரியண்ணை பனிக்குள்ள நிண்ட மூண்டு படம்!"

"படம் கிடக்கட்டும். நான் நிலத்தைச் சொல்லுறன்."

மொத்தம் முப்பத்திரண்டு ஜிபி. ஆளுக்கு ஏழாக நாலு துண்டு போட்டார். மிச்சம் நாலில் மூன்றைப் பொதுக்கிணறு என்று விட்டார், ஒன்றைப் பொதுவழி. ஒவ்வொரு துண்டுக்கும் பெயரெழுதி, நெடுந்தீவுக்காரர் கடல் முருகைக்கல்லால் வேலி அடுக்குவது போலக் கோடுகளை அரக்கி அரக்கிச் சரிபார்த்தார். தொடங்குவதற்கென்று முன்னுக்கு ஒரு சின்னத் துண்டு வேணுமென்று கணினி கேட்டபோது அவர் முகம் மலர்ந்தது. பொதுவழியைக் கொடுத்தார்.

"பாத்தீரே? வழியுரிமை இல்லாமல் வளவுக்குள்ள இறங்க ஏலாது. இதைச் செய்தவன் காணி தெரிஞ்சவன்."

பிறகு தன் ஏழு ஜிபிக்குள் லினக்ஸைக் குடியேறச் சொன்னார். அது மறுத்தது. இடம் காணாது, குறைந்தது பதினைந்து வேண்டும்.

ஜசிந்தா ரீச்சருக்குப் போன் எடுத்து நிலைமையை விளக்கினார்.

"அண்ணை, நாலு பேரும் ஒரு லாப்டொப்பில இருக்கப் போறீங்களோ?"

"இப்ப இல்லை. உரிமை இருக்கு."

"எனக்குப் போட் வெளிக்கிடப் போகுது அண்ணை" என்று ரீச்சர் வைத்துவிட்டார். சனிக்கிழமை அந்த நேரத்தில் தீவிலிருந்து படகு கிடையாது.

இனி முறைப்படி சம்மதம் எடுக்கவேணும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் அவர் கேட்ட பிறகுதான், நாலு வருசமாக ஒருவரும் நினைத்தும் பாராத அந்தச் சாமானில் எல்லாருக்கும் பாசம் ஊறியது.

"என்ன லாப்டொப்? நான் அனுப்பினனானோ?" என்றார் தம்பிராசா. பத்து நிமிசத்தில், "அனுப்பினது நான். என்ரை பங்கு கொஞ்சம் கூடத்தான் வரவேணும்."

"எனக்கு ஒண்டும் வேண்டாம் சின்னண்ணை, என்ரை பேர் மட்டும் கிடக்கட்டும்" என்றார் இரஞ்சிதம்.

தயாபரன்தான் ஆழமாக யோசித்திருந்தார். "நான் பென்சன் எடுத்து அங்கைதான் வருவன். என்ரை துண்டில ஒருத்தரும் ஒண்டும் கட்ட வேண்டாம். அது வழிப் பக்கமோ, கிணத்துப் பக்கமோ?"

அரியநாயகத்தார் திரையைப் படமெடுத்து, எல்லை குறித்து அனுப்பினார். கிணறு தன் பக்கம் வரவில்லை என்று மூத்தவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினார். அவரைத் திரும்பச் சேர்க்கவே ஞாயிறு காலையாயிற்று.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குச் சரோஜினிதேவி குசினியிலிருந்து வந்து, கையைத் துடைத்து, கணவரின் கையிலிருந்த போனை வாங்கிக் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினார்.

"நான் சரோ கதைக்கிறன். ஒருத்தற்றை பங்கும் எனக்கு வேண்டாம். மூண்டு பேரும் குத்தகைக்குத் தாங்கோ. பாவிக்கிறது நான், உரிமை உங்களுக்கு. வருசம் ஆளுக்கு ஒரு பாசல் பனங்கிழங்கு ஒடியல்."

ஐந்து நிமிசத்தில் மூன்று கண்டமும்... இல்லை, கனடாவும் லண்டனும் நோர்வேயும் சம்மதித்தன. இரஞ்சிதத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம்: "பச்சையோ, அவிச்ச புழுக்கொடியலோ மச்சாள்?"

அரியநாயகத்தார் மனைவியைப் பார்த்த பார்வையில் முப்பத்தொரு வருசக் கந்தோர் மரியாதை இருந்தது. உடனே குத்தகைச் சீட்டு எழுதக் கடுதாசி தேடினார்.

"அது திங்கள் பின்னேரம். இப்ப வேலியைப் பிரியுங்கோ."

கோடுகளை ஒவ்வொன்றாய் எடுத்து வேலியைப் பிரித்தார். திரை கடைசி முறையாக எச்சரித்தது: இதைத் திரும்பப் பெற முடியாது. அவர் விரல் அந்தரத்தில் நின்றது. போட்ட எல்லையைத் தன் கையாலே அழித்த பழக்கம் அவருக்கு இல்லை. சரோஜினிதேவி தோளுக்கு மேலால் எட்டி அமத்தினார்.

பதினெட்டு நிமிசத்தில் லினக்ஸ் குடியேறியது. பாவிப்பவர் பெயர் கேட்டது. சரோஜினிதேவி தன் பெயரை அடித்தார்.

"கீழ 'குத்தகைக்காரர்' எண்டு போடும்."

"போடுறன், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ" என்றார். போடவில்லை.

திங்கள் காலை லாப்டொப் அரை நிமிசத்தில் விழித்தது. கமெராவுக்குள் இன்னொரு தலை தெரிந்தால் பரீட்சை ரத்து என்பதால் அரியநாயகத்தார் அறைக்கு வெளியே அனுப்பப்பட்டார். ஒன்றரை மணித்தியாலம் கதவடியில் நின்று, இரண்டு ஆட்டையும் பால்காரரையும் விரல் காட்டியே துரத்தினார்.

கதவு திறந்தது. சரோஜினிதேவி நிலைக் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"எழுபத்தெட்டு. சித்தி எண்டு வந்திருக்கு. கடிதம் பிறகு வருமாம். கடிதம் வரட்டும், பிறகு ஆருக்கும் சொல்லுவம்."

கடுதாசி இல்லாத எதையும் ஆயுளில் நம்பாத அரியநாயகத்தார் சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்து, மாவிலித்துறைப் பக்கம் மிதித்தார். கண்ட ஆளையெல்லாம் மறித்து, "மனிசிக்கு நிரந்தரம்!" என்றார். துறையில் போட்டுக்கு நின்ற சனத்திடம் போய்ச் சேரும்போது எழுபத்தெட்டு எண்பத்தாறாகியிருந்தது.