அண்ணன் சொல்லாத கடை

கப்பலிலிருந்து இறங்கியவர்கள் பசியோடு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது என் அண்ணனின் டாக்ஸிதான். துறைமுகத்தின் மூன்றாம் வாசலில் முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டியவர். "இங்கே எங்கேங்க நல்லா சாப்பிடலாம்?" என்று கேட்டால் உடனே பதில் வராது. "கப்பல் எத்தனை மணிக்கு? கூட யாரு? கடைசியா என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் மாதிரி விசாரிப்பார். அவசரக்காரனை மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், நின்றுகொண்டே சுட்ட மீன் தின்னும் தகரக் கொட்டகைக்கு அனுப்புவார். கைக்குழந்தையோடு வந்தவர்களைப் படகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்புவார். அங்கே மரத்தடியில் மேசை போட்டிருப்பார்கள், பிள்ளை கத்தினாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்து மாடி ஓட்டலைப் பற்றிக் கேட்டால், "கடலைப் பாருங்க, காபியைக் குடிங்க, இறங்கிடுங்க. சாப்பாட்டுக்கு மட்டும் ஆசைப்படாதீங்க" என்பார். மற்ற டிரைவர்களே தங்கள் வண்டியில் ஏறியவர்களை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்வார்கள்.

ஊருக்கே வழி சொன்ன மனுஷன், என் கடைக்கு மட்டும் ஒரு ஈயைக்கூட அனுப்பவில்லை.

சுங்க அலுவலகத்துச் சந்தில், வாசலிலிருந்து நாலு நிமிஷ நடையில், பன்னிரண்டு நாற்காலி போட்டுச் சாப்பாட்டுக் கடை திறந்தேன். அன்றே அண்ணன் வந்தார், சாப்பிட்டார், கையைக் கழுவினார், "வரேன்டா" என்று போய்விட்டார். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை? மூச்! ஊரே பாராட்டினாலும் எனக்கு அந்த ஒரு வாயிலிருந்து வர வேண்டும். ஆறு மாதம் பொறுத்தேன். என் கண்ணெதிரே நாலு பேரை ஏற்றிக்கொண்டு என் சந்தைத் தாண்டிப் போவார். வயிறு எரியுமா எரியாதா?

ஒரு நாள் நேரே வாசலுக்குப் போய்க் கேட்டேவிட்டேன். சுற்றிலும் மற்ற டிரைவர்கள் வேறு.

"ஏண்ணே, கூடப் பிறந்தவன் கடை உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதுடா."

"அப்புறம் என்ன? அங்க போங்கன்னு சொன்னா வாயிலிருந்து முத்து உதிர்ந்துடுமா?"

அவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நீ மத்தியானம் என்னடா சாப்பிடுறே?"

"வீட்ல கட்டிக் குடுக்கறதை."

"உன் கடையிலயே உட்கார்ந்து, வீட்டு டப்பாவைத் திறந்து சாப்பிடுறே. திறந்த அன்னிக்கே பார்த்தேன். சமைச்சவனே தொடாத சாப்பாட்டை, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஊரானைச் சாப்பிடச் சொல்றது?"

டிரைவர்கள் சிரித்தார்கள். காலையிலிருந்து அடுப்பு வாடையிலேயே நின்றால், சமைத்ததைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். உப்புகூடக் கைக்கணக்கில் போடுவேனே தவிர நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டேன். அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. "இனிமே நீ யாரோ, நான் யாரோ" என்று கத்திவிட்டு வந்தேன். வீட்டிலும் யாரும் அவர் பேச்சை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வருஷமே கடையை மூடினேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், படகுத்துறை ஓட்டல் ஒன்றில் சமையல்காரனாகச் சேர்ந்தேன். முதலாளியம்மா பொல்லாதவர். கடை திறக்கும் முன் சமையல்கட்டு ஆட்கள் எல்லோரும் அன்றைக்குச் சமைத்ததையே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். டப்பா கொண்டுவந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். என் சமையலை நானே தின்ன ஆரம்பித்த பிறகுதான் எனக்குச் சமையலே வந்தது. நாற்பத்தாறு வயதில்! வெட்கக்கேடு.

ஐந்து வருஷம் கழித்து, சாப்பிட்டு முடித்த ஒரு பயணி சமையல்கட்டு ஜன்னல் வரை வந்து சொன்னார். "மூணாம் வாசல் டிரைவர் அனுப்பினார். பாலம் தாண்டிப் போங்க, அங்க மீன் சமைக்கிறவன் கையை நம்பலாம்னார்." அடுப்படியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் வாரம் தவறாமல் ஆட்கள் வந்தார்கள். ஓடிப்போய்ப் பேசியிருக்கலாம்தானே? போகவில்லை. நாலு பேர் முன்னால் மட்டம் தட்டியவர், அவராக இறங்கி வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அண்ணியோடு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மெலிந்திருந்தார். மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சாப்பிட்டார். மீனை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார். பிறகு, பரிமாறுகிறவர் உள்ளே வந்தார்.

"சமைச்சவரைப் பார்க்கணும்னு சொல்றாங்க."

"கை வேலையா இருக்காருன்னு சொல்லு."

கையில் ஒரு வேலையும் இல்லை. துடைத்த மேடையையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனார். எனக்குள் ஒரு திருப்தி. சொல்லவே நாக்குக் கூசுகிறது. காத்துக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்திருக்கும், அடுத்த தடவை வரட்டும், ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் வாசலிலிருந்து ஆள் வருவது நின்றுபோனது. பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டதாக்கும் என்று நானும் வீம்பாக இருந்தேன். என் மனைவி இரண்டு தடவை, "என்னங்க, உங்க அண்ணன்..." என்று ஆரம்பித்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் குணம் தெரிந்தவள், மூன்றாம் தடவை வாய் திறக்கவில்லை. ஐந்து மாதம் போனது. கடைசியில் எனக்கே தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மீனைச் செய்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுப் படியேறினேன்.

அண்ணிதான் கதவைத் திறந்தார். "வாங்க தம்பி" என்றவரின் பார்வை என் கையிலிருந்த கேரியர் மேல் போனது. முகம் மாறிவிட்டது.

அண்ணன் உள்ளே நாற்காலியில் இருந்தார். தொண்டையில் துளை போட்டுக் கட்டியிருந்தார்கள். சட்டைக்குள்ளிருந்து, வயிற்றில் செருகிய குழாய் ஒன்று வெளியே வந்தது. கஞ்சி மாதிரி ஏதோ அதன் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். சத்தம் வரவில்லை. பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். பாவி நான், கேரியரை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"எனக்கு யாருமே சொல்லலையே அண்ணி."

"உங்க வீட்ல சொன்னேன் தம்பி. பேச்சை எடுத்தாலே எழுந்துடறாருன்னு அழுதா."

"எப்போ ஆபரேஷன் நடந்துச்சு?"

"உங்க ஓட்டலுக்கு வந்தோமே, அதுக்கு மறுநாள். இனிமே வாயால சாப்பிட முடியாது, பேச முடியாதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார். கடைசியா எங்க சாப்பிடணும்னு கேட்டேன். இந்த ஊர்ல ஒரு கடை விடாம தெரிஞ்ச மனுஷன், ரொம்ப யோசிப்பார்னு நினைச்சேன். யோசிக்கவே இல்லை, உங்ககிட்டதான் போகணும்னார்." அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாப்பிட்டப்புறம், பேச்சு இருக்கும்போதே, நல்லா இருக்குடான்னு உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னுதான் தம்பி அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்."