மாமாவின் வண்டி அடங்காத காலை

அன்றைக்கு அம்மா தெரிந்தேதான் சும்மா இருந்தாளா? அவளிடம் கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டுவிடுகிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. சென்னையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, தூரப் பயணத்துக்கென்றே வாங்கிய பெரிய பைக்கில் முதல் நாள் வந்து இறங்கியிருந்தார். கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டி. காலை பத்து மணிக்குள் வேப்பூர் போய்விட்டால், ஹைவேயில் வரும் நண்பர்களோடு சேர்ந்து கன்னியாகுமரி. தாமதித்தால் அவர்கள் போய்விடுவார்கள்.

கிளம்பும் நேரத்தில், ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே வண்டி கத்தியது.

"சூடேறுற வரைக்கும் வேகமாத்தான் ஓடும். அப்புறம் தானா எறங்கிடும்" என்றார் மாமா. இன்ஜின் சூடேறியது, சத்தம் இறங்கவில்லை.

அப்பா சூளையில் மேஸ்திரி. எல்லாக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே காரணம்தான். "நம்ம ஊரு வெள்ளமண்ணு தூசி மாப்ள. ஃபில்டர அடைச்சிருக்கும்."

"தூசி அடைச்சா வண்டி தெணறும் மாமா. இப்படிக் கத்தாது."

"அப்ப ஐட்லிங் ஸ்க்ரூவத் திருப்பி சத்தத்த எறக்கு."

"ஐயோ, அதத் தொடாதீங்க. இது ஒங்க பழைய வண்டி இல்ல."

எங்கோ காற்று கசிகிறது என்று மாமா முடிவுகட்டினார். துணி இஸ்திரி போடும்போது அம்மா தண்ணீர் அடிக்கும் பாட்டிலை வாங்கி, இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயைச் சுற்றித் தெளித்தார். கசிவிருந்தால் சத்தம் மாறும் என்றார். மாறவில்லை. மாமா கேட்டதையெல்லாம் அம்மா எடுத்துக் கொடுத்தாள், பேசவில்லை.

நச்சரித்துக்கொண்டிருந்த என்னைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்தார்கள். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினேன். வண்டி அலறியது. வலப்பக்கம் திருப்பினேன். சத்தம் இறங்கியது.

"இன்னொரு வாட்டி திருப்பு பாப்பா." மாமா டேங்க்குக்கு முன்னால் டார்ச் அடித்துக் குனிந்தார். "அக்கா! யாரு இதக் கட்டுனது?"

கோயிலில் மந்திரித்த மஞ்சள் கயிறு. ஆக்சிலேட்டர் கேபிளையும் வண்டிச் சட்டத்தையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. கேபிள் இழுபட்டபடியே இருந்ததால் வண்டி அடங்கவில்லை.

"வெளிய கட்டுனா சிரிப்ப. அதான் காலையில உள்ள கட்டுனேன்" என்றாள் அம்மா.

"ஒங்க அக்கா முடிச்சு அப்படித்தான் மாப்ள. கல்யாணத்துலேர்ந்து நானும் அவுக்கப் பாக்குறேன்" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அம்மா தினமும் மொபெட் ஓட்டியவள். ஆக்சிலேட்டர் கேபிள் எது என்று தெரியாதவள் இல்லை.

மாமா கயிற்றை அறுக்காமல் பொறுமையாக அவிழ்த்து அவளிடமே நீட்டினார். "கண்ணாடிக் கம்பியில கட்டுக்கா. ஊரே பாக்கட்டும்." கட்டினாள். "போயிட்டு வரேன்க்கா" என்றதும் வண்டி சாதுவாகக் கிளம்பியது. தெருமுனை திரும்பி, சத்தம் தேய்ந்து, ஒன்றுமே கேட்காமல் போன பிறகும் அம்மா தலையைச் சாய்த்தபடி வாசலிலேயே நின்றாள். வண்டி சரியாகிவிட்டதா என்று காது கொடுத்துப் பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

இந்த ஜூனிலிருந்து என் மகள் ஸ்கூல் வேனில் போகிறாள். தண்ணீர் பாட்டிலை வைத்தேனா, கதவைச் சரியாகச் சாத்தினார்களா என்று குழம்பியபடி, வேன் மறைந்த பிறகும் கேட்டருகே நிற்கிறேன். பிள்ளையை ஏற்றிவிட்ட கையோடு வீட்டுக்குள் திரும்ப முடிகிற அம்மாக்கள் யாராவது இருந்தால், அது எப்படி என்று எனக்கு எழுதுங்களேன்.