தலைப்பில் நானே சேர்த்த வரி

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதம் எதுவானாலும் படித்துச் சொல்வது நான்தான். என்னோடு இருக்கும் அண்ணன் பக்கத்து ஊரான மேருவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தார்.

ஓய்வு வயதுவரை உழைப்பவர்கள் அதன்பிறகு அதிக நாள் உயிரோடு இருப்பதில்லை என்று ஒரு புள்ளிவிவரம் ஆங்கிலத்தில் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அண்ணனை நினைத்துப் பயந்துபோய், அதைத் தமிழில் எழுதிக் குடும்பக் குழுவில் போட்டேன். அவர் நம்ப வேண்டுமே என்று, ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று தலைப்பில் நானே ஒரு வரி சேர்த்தேன்.

மறுமாதமே அண்ணன் வேலையை விட்டுவிட்டார். “நீ படிச்சவ தங்கச்சி, சும்மாவா சொல்லுவே?” என்றார்.

கூட வேலை செய்த கூட்டாளிகள் இல்லாமல் அவர் பேச்சே குறைந்துபோனது. திரும்ப வேலை கேட்டுப் போனபோது, “அண்ணே, வேற ஆள் போட்டாச்சு லா” என்று சொல்லிவிட்டார்களாம்.

அதன்பிறகுதான் ஆதாரம் தேடினேன். இணையத்தில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை ஆதாரமாகக் காட்டியது. உண்மையில் ஆட்களை எண்ணிக் கணக்கெடுத்தவர் யாரும் அகப்படவில்லை. அந்த வாரமே பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தோழி ஒருத்தி அதே செய்தியை எனக்கு அனுப்பி, “நம்பலாம் லா, ஆய்வே இருக்கு” என்றாள். மேலே இருந்தது என் வரி.

இப்போதெல்லாம் யார் எண்ணியது என்று தெரியாமல் எதையும் அனுப்புவதில்லை. அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். “நல்லதுக்குத்தானே செஞ்சே, விடு” என்றார்.

காலையில் தொழிற்சாலை பஸ் வரும் நேரத்துக்கு இன்னமும் கேட்டைத் திறந்துகொண்டு நிற்கிறார். பஸ் போனதும் மூடிவிட்டு உள்ளே வருகிறார்.